ஐம்பது மீட்டர் எங்கிருந்து?

வெயில் ஏறிய நேரத்தில் பெட்ரோல் பங்க்கில் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடுவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை வண்டியைப் பார்க்காமல், தரையில் விழும் அதன் நிழலைப் பாருங்கள். டாங்கின் வாய் இருக்கும் இடத்தில், நிழலுக்குள் ஏதோ ஒன்று புகை போல நெளிந்து கீழ்நோக்கி வழிவது தெரியும். நிமிர்ந்து டாங்கைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இராது. நெளிவது பெட்ரோலின் ஆவி. அதன் ஒளிவிலகல் எண் காற்றினுடையதைவிடச் சற்றுக் கூடுதல். ஆகவே தன் வழியே வரும் ஒளியை வளைத்து, கண்ணுக்குத் தெரியாத தன்னை நிழலில் காட்டிக்கொடுத்து விடுகிறது.

அது மேலே எழாமல் கீழே வழிகிறது என்பதையும் கவனித்தீர்களா? பெட்ரோல் ஆவி காற்றைப்போல 3 முதல் 4 மடங்கு கனமானது. புறநகர்களில் பெட்ரோல் பங்க் வரப்போகிறது என்றவுடன் எழும் சண்டைகளில் பெரும்பகுதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆவியைப் பற்றியதுதான். சண்டை போடுகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவே.

புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. அதற்கு வெகு முன்பே ஊர் தன் எல்லையைத் தாண்டி வளரத் தொடங்கிவிட்டது. திருச்சி, தஞ்சாவூர், அறந்தாங்கி, காரைக்குடி என்று எந்தச் சாலையில் போனாலும் நேற்றுவரை புஞ்சையாக இருந்த நிலத்தில் மனைக்கற்கள் நிற்கின்றன. வீடுகள் வருகின்றன; பின்னாலேயே பள்ளி வருகிறது; வண்டிகள் பெருகியதும் பங்க்கும் வருகிறது. அப்படி ஒரு சாலையோரத்தில் 45 மீட்டர் முகப்புள்ள ஒரு நிலத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே, எல்லைக் கல்லிலிருந்து 22 மீட்டரில் ஒரு பள்ளியின் சுவர். கிழக்கே, எல்லையிலிருந்து 12 மீட்டரில் முதல் வீடு. பின்புறம் ஒரு கிணறு. இது கணக்குக்காக நான் போட்ட வரைபடம். ஆனால் இதைப் போன்ற நிலங்கள் மாவட்டம் முழுவதும் உண்டு.

பங்க் வேண்டாம் என்கிறவர்கள் மூன்று காரணங்களைச் சொல்வார்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? நாள் முழுவதும் அந்த வாடையைச் சுவாசித்தால் உடம்பு என்ன ஆகும்? கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகாதா? பங்க் வைக்க விண்ணப்பித்தவரும் வெறும் ஆசைக்காரர் அல்லர். கடன் வாங்கி நிலம் பிடித்திருப்பார். டிராக்டருக்கும் டீசல் என்ஜினுக்கும் எண்ணெய் வாங்க ஊர்க்காரர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போகிறார்களே என்பார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது டீசல் ஜெனரேட்டர்தான் என்பதை நினைவூட்டுவார். அதுவும் உண்மையே.

இரு தரப்பும் ஒரே கூட்டத்தில் உரக்கப் பேசும்போது தீயும் வாடையும் கிணறும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இயற்பியல்படி இவை மூன்றும் வெவ்வேறு சங்கதிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகத் தூரத்துக்குக் கட்டுப்படுகிறது. ஒன்று கட்டுப்படுவதே இல்லை!

முதலில் தீ. ஒரு திரவத்தின் மேல் எரியத்தக்க அளவு ஆவி சேருகிற குறைந்தபட்ச வெப்பநிலையை அதன் தீப்பற்று நிலை என்போம். இந்தியாவின் பெட்ரோலிய விதிகள் இதைக் கொண்டுதான் எண்ணெய்களைத் தரம் பிரிக்கின்றன. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்று நிலை உள்ளவை 'அ' வகுப்பு. 23-க்கும் 65-க்கும் இடைப்பட்டவை 'ஆ' வகுப்பு. டீசல் இரண்டாவது வகுப்பு. பெட்ரோலின் தீப்பற்று நிலையோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி அளவில் இருக்கிறது. அதாவது நம் ஊரில் எந்தப் பருவத்திலும், எந்த நேரத்திலும், திறந்திருக்கும் பெட்ரோலின் மேல் எரியத் தயாராக ஆவி இருக்கும்.

ஆனால் ஆவி இருந்தால் மட்டும் போதாது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் எரியாது, சுமார் 7.6 சதவீதத்தை மிஞ்சினாலும் எரியாது. இதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது. நிலத்தடியில் புதைத்த பெட்ரோல் தொட்டிக்குள் ஆவி மிக அடர்த்தியாக, மேல் எல்லையைப் பல மடங்கு தாண்டி இருப்பதால், வழக்கமாக அங்கே எரிய முடிவதில்லை. ஆபத்து தொட்டிக்குள் அல்ல; ஆவி வெளியே வந்து காற்றோடு கலக்கும் இடத்தில்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 180 லிட்டர் ஆவி கிடைக்கும். அது 1.4 சதவீதமாகப் பரவினால் 13 கன மீட்டர் காற்றை எரியத்தக்கதாக்கும். உங்கள் வீட்டுச் சமையலறையின் கொள்ளளவு ஏறத்தாழ அவ்வளவு இருக்கும், அளந்து பாருங்கள். (கணக்கை மட்டும் செய்யுங்கள், சோதனையை வேண்டாம்.)

பங்க்கின் ஓரத்தில் நாலு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் மெல்லிய குழாய்கள் வரிசையாக நிற்பதைக் கண்டிருக்கிறீர்களா? நிலத்தடித் தொட்டி மூச்சுவிடும் வழி அது. பங்க்கில் வேலை செய்கிறவர்கள் 'வென்ட் பைப்' என்பார்கள். அதன் வாயில் நெருக்கமான கம்பி வலை பொருத்தியிருப்பார்கள். பூச்சி புகாமலிருக்க என்று நினைக்க வேண்டாம். 1815-ல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளருக்காகச் செய்த காப்பு விளக்கின் தத்துவம்தான் இங்கேயும். சுடர் வலையைத் தொட்டதும் உலோகம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுபுறம் உள்ள ஆவி பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறாது.

தீ பிடித்தே விட்டால் தூரம் நமக்கு நன்றாக உதவும். சுடரிலிருந்து கதிர்வீச்சாக வரும் வெப்பம் ஏறத்தாழத் தூரத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். 30 மீட்டரில் நிற்பவர் மேல் விழும் வெப்பம் 50 மீட்டரில் நிற்பவர் மேல் விழுவதைப்போல 2500-ஐ 900-ஆல் வகுத்தால் வரும் 2.8 மடங்கு. இந்த 30-ஐயும் 50-ஐயும் நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

ஆனால் ஆவியோ எண்ணெயோ நகர்ந்து வந்து நம் பக்கத்தில் பற்றிக்கொண்டால் இந்தக் கணக்கு செல்லாது. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கில் பீறிட்ட பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவியாகித் தாழப் பரவி, பின்பு வெடித்தது. அது பெருங்கிடங்கு, நம் சாலையோரப் பங்க்கை அதனோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவது நியாயமாகாது. நமக்குப் பாடமாவது 2015 ஜூன் 3 அன்று கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் நடந்தது. பெருமழை. வெள்ளத்துக்கு அஞ்சி மக்கள் ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரைக்கு அடியில் ஒதுங்கியிருந்தார்கள். நீரின் மேல் பெட்ரோல் மிதந்து பரவிப் பற்றிக்கொண்டது. 150-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கண்மாயும் ஊருணியும் வரத்துக்கால்வாயும் நிறைந்த நம் மாவட்டத்தில், பங்க்குக்குக் கொடுக்கும் நிலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் வடியும் என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆட்சேப மனுக்களில் இது கடைசி வரியாகத்தான் வரும். பல மனுக்களில் வருவதேயில்லை.

இரண்டாவது, சுவாசம். ஒரு புட்டியில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருந்த காற்று வெளியேறத்தானே வேண்டும்? டாங்கர் லாரி வந்து 12,000 லிட்டர் பெட்ரோலை நிலத்தடித் தொட்டியில் இறக்கினால், அங்கிருந்த 12,000 லிட்டர் ஆவி கலந்த காற்று வெளியேறும். வேறு வழி இல்லாவிட்டால் வென்ட் பைப் வழியாக ஊருக்குள்தான் போகும். இறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 0.9 கிராம் ஆவி இவ்வாறு போகிறது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணை தரும் கணக்கு. அப்படியானால் ஒரு லாரிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல்!

அதில் நாம் அஞ்ச வேண்டியது பென்சீன். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. இப்போது விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றில் அதன் அளவு, ஆண்டுச் சராசரியாக, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது 2009-ல் இந்தியா வகுத்த தரம். ஒரே ஒரு கிராம் பென்சீனை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய எவ்வளவு காற்று வேண்டும்? 2 லட்சம் கன மீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் 58 மீட்டருக்கு மேல் உள்ள ஒரு பெட்டி. லாரி இறக்கும்போது போகும் ஆவியில் அரை சதவீதம்தான் பென்சீன் என்று வைத்தாலும் அது 50 கிராம்.

இதைப் படித்ததும் பதறிவிடாதீர்கள். காற்று ஒரே இடத்தில் நிற்பதில்லை. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலும் நம் 58 மீட்டர் பெட்டியில் இருந்ததெல்லாம் அரை நிமிடத்தில் வெளியேறிப் புதுக்காற்று வந்துவிடும். ஆண்டுச் சராசரியும் ஒரு கணத்தின் அளவும் ஒன்றல்ல. ஆனால் காற்று அசையாத விடியற்காலையில், பள்ளிப் பக்கமாக வென்ட் பைப் இருந்து, லாரியும் அந்நேரத்தில் இறக்கினால், சங்கதி வேறு. கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் 2005-ல் தந்த அறிவுரையில், மிகப் பெரிய பங்க்குகளிலிருந்து 300 அடிக்குள்ளும் சாதாரணமானவற்றிலிருந்து 50 அடிக்குள்ளும் புதிய வீடுகளோ பள்ளிகளோ வேண்டாம் என்றது. பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இரண்டு பங்க்குகளின் வென்ட் பைப்புகளிலேயே கருவி வைத்து அளந்தபோது, முன்பு மதிப்பிட்டதைப்போலப் பத்து மடங்கு ஆவி வெளிவருவதைக் கண்டார்கள்.

இதற்குப் பரிகாரம் எளியது. லாரியிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய் போகிறது. தொட்டியிலிருந்து லாரிக்கு இன்னொரு குழாயைத் திருப்பிவிட்டால், எண்ணெய் இறங்க இறங்க ஆவி லாரிக்குள் ஏறிக்கொள்ளும். அதே அட்டவணைப்படி லிட்டருக்கு 0.9 கிராம் என்பது 0.04 கிராமாகிவிடும். பத்துக் கிலோ அரைக் கிலோ ஆகிறது! 50 மீட்டரை 100 மீட்டராக்கக் கோரிப் போராடுவதைவிட இந்த ஒரு ரப்பர்க் குழாயைக் கேட்டு வாங்குவது பள்ளிக்கு அதிக நன்மை என்பது என் கருத்து. இத்தகைய ஆவி மீட்பு அமைப்பு கட்டாயமா என்பது ஊரின் மக்கள்தொகையையும் விற்பனை அளவையும் பொறுத்தது. சிறிய புறநகர்ப் பங்க்குக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லாமலே போகலாம். அப்போது அதைக் கேட்பதற்கு இன்னும் காரணம் இருக்கிறது.

மூன்றாவது, கிணறு. பெட்ரோல் நீரில் கரையாமல் மிதக்கும் என்று படித்திருப்பீர்கள். அதிலுள்ள பென்சீன் மட்டும் சிறிது கரையும். அந்தச் சிறிதே போதும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 1 சதவீதம் பென்சீன் உள்ள ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 8.8 கிராம் பென்சீன் உண்டு. வகுத்துப் பாருங்கள்: 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை வரம்பு வரை கெடுக்க அது போதும்.

நிலத்தடித் தொட்டி பொத்தலானால் உடனே தெரிந்துவிடாதா? நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிவதாகக் கொள்ளுங்கள். 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 4.3 லிட்டர், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். பங்க்கில் தினமும் அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டு மட்டம் பார்ப்பது வழக்கம். ஆனால் பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 10,000 லிட்டர் இருக்கும் தொட்டியில் ஒரு டிகிரிக்கு 10 லிட்டர்! ஆகவே 4 லிட்டர் கசிவு, அரை டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குப் பின்னால் சத்தமின்றி ஒளிந்துகொள்ளும். வெப்பநிலையையும் சேர்த்துப் பதிவுசெய்யும் தானியங்கி மட்டமானியும், இரட்டைச் சுவர்த் தொட்டியும் வேண்டும் என்று கேட்பது இதனால்தான். இரட்டைச் சுவரில் உட்சுவர் கசிந்தால் எண்ணெய் இடைவெளியில் தேங்கி அறிவிப்பு தரும், மண்ணுக்குப் போகாது.

தூரம் இங்கே உதவுமா? மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடும்பாறை. கிணற்றுக்குத் தண்ணீர் பாறையின் வெடிப்புகள் வழியே வருகிறது. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் கசிவும் ஓடும். 20 மீட்டரில் உள்ள கிணறு தப்பித்து 200 மீட்டரில் உள்ளது கெடலாம். கிணற்றைச் சுற்றி வட்டம் போட்டு என்ன பயன்? தொட்டி கசியாமலிருப்பதும், கசிந்தால் உடனே தெரிவதும்தான் பாதுகாப்பு.

இனி விதிக்கு வருவோம். பெட்ரோல் பங்க்குகளின் மாசு பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 2019-ல் வந்த ஒரு வழக்கை ஒட்டி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. புதிய பங்க், பள்ளியிலிருந்தும், 10 படுக்கைகளோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையிலிருந்தும், உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என்று வகைப்படுத்தப்பட்ட பகுதியிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 50 மீட்டர் கிடைக்காத நெருக்கடியில், பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். எந்நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. பங்க்கின் மேலே உயரழுத்த மின்கம்பி போகக் கூடாது.

எங்கிருந்து 50 மீட்டர்? எல்லைக் கல்லிலிருந்து அல்ல. லாரி எண்ணெய் இறக்கும் வாய், வண்டிக்கு ஊற்றும் பம்பு, வென்ட் பைப், இம்மூன்றில் எது அருகில் இருக்கிறதோ அதிலிருந்து. மூன்றும் ஆவி வெளியே வரும் இடங்கள். ஆகவே இது இயற்பியலுக்குப் பொருந்திய விதிதான். வேலியிலிருந்து வேலிக்கு டேப் பிடிக்கிற ஊர்க்காரரும், தொட்டியிலிருந்து மட்டும் அளந்து காட்டுகிற விண்ணப்பதாரரும் தப்பான இடத்தில் நின்றுதான் வாதாடுகிறார்கள்.

நம் வரைபடத்தை எடுங்கள். பள்ளிச் சுவரிலிருந்து வீட்டுச் சுவர் வரை 22, 45, 12 கூட்டினால் 79 மீட்டர். இரு பக்கமும் ஐம்பது ஐம்பது வேண்டுமானால் 100 தேவை. எனவே முடியாது! 30 மீட்டர் போதும் என்றால், பம்பு முதலிய மூன்றும் மேற்கு எல்லையிலிருந்து 8 மீட்டருக்கும் 27 மீட்டருக்கும் இடையில் உள்ள 19 மீட்டர்ப் பட்டைக்குள் அடங்க வேண்டும்; கூடுதல் பாதுகாப்பும் வேண்டும். ஆனால் கிழக்கே உள்ள வீடு, சட்டப்படி குடியிருப்பு என்று வகைப்படுத்தப்படாத இடத்தில் இருந்தால்? அப்போது பள்ளியை மட்டும் பார்த்தால் போதும். மேற்கு எல்லையிலிருந்து 28 மீட்டர் தள்ளி எல்லாவற்றையும் வைத்தால் முழு 50 மீட்டரும் கிடைத்துவிடும். நிலம் பின்னோக்கி ஆழமாக இருந்தால் பிதாகரசும் துணைக்கு வருவார்: பக்கவாட்டில் 40, பின்னால் 30 என்றால் நேர்த்தூரம் 50.

ஆக, இந்த வரைபடத்தில் வழக்கைத் தீர்மானிப்பது அந்த வீட்டின் கீழே உள்ள மண்ணுக்குக் காகிதத்தில் என்ன பெயர் என்பதே. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன்படி முழுமைத் திட்டம் உள்ள இடத்தில் எது குடியிருப்பு, எது வணிகம் என்று நிறம் தீட்டிக் காட்டியிருப்பார்கள். திட்டம் எட்டாத புறநகரில் வருவாய்ப் பதிவேட்டின் நஞ்சை, புஞ்சை, நத்தம்தான் இருக்கும். மனிதர் பத்து ஆண்டாகக் குடியிருப்பார். பதிவேட்டில் அது புஞ்சையாகவே இருக்கும். இந்த விதியில் எனக்குக் குறையாகத் தோன்றுவது இதுதான். ஆவிக்குப் பதிவேடு படிக்கத் தெரியாது.

முடிவெடுப்பவர் யார்? 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி, முதலில் மாவட்ட அதிகாரியிடமிருந்து, அதாவது ஆட்சியரிடமிருந்து, தடையில்லாச் சான்று வேண்டும். அவர் வழக்கமாக வருவாய்த் துறை, காவல், தீயணைப்பு, உள்ளாட்சி ஆகியோரின் அறிக்கைகளைப் பெற்று, விசாரித்து, மூன்று மாதத்துக்குள் சான்று வழங்கவோ மறுக்கவோ வேண்டும். அதன்பின்தான் நாகபுரியில் தலைமையகம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம். நெடுஞ்சாலையிலிருந்து பங்க்குக்குள் வண்டி திரும்புவதற்கு நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தனி. ஆட்சியரின் முடிவை ஏற்காதவர்கள், புதுக்கோட்டைக்காரர்களானால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவார்கள்.

அங்கே நீதிபதி டேப் பிடித்து அளக்கப்போவதில்லை. விசாரணையின்போது யார், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு அளந்தார், என்ன எழுதினார் என்று கோப்பில் உள்ளதைத்தான் பார்ப்பார். ஆகவே உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பங்க் வருவதாக இருந்தால், 'ஆபத்தானது, அனுமதிக்கக் கூடாது' என்று நூறு பேர் கையெழுத்திட்ட தாளோடு இன்னொரு தாளும் சேரட்டும். விண்ணப்ப வரைபடத்தில் எண்ணெய் இறக்கும் வாய், பம்பு, வென்ட் பைப் ஒவ்வொன்றிலிருந்தும் பள்ளிச் சுவர் எத்தனை மீட்டர். கிணறு எங்கே, அதன் நீர்மட்டம் கோடையிலும் மழையிலும் எவ்வளவு. மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது. மார்கழிக் காலையில் காற்று எத்திசையிலிருந்து வருகிறது. லாரி எந்த நேரத்தில் இறக்கும் என்று கேட்டதற்கு என்ன பதில் வந்தது. ஒரு டேப்பும், திசைகாட்டியும், கிணற்றில் இறக்க முடிச்சுப் போட்ட கயிறும் இருந்தால், உங்கள் வகுப்பில் நாலு பேர் ஒரு சனிக்கிழமையில் பெரும்பாலானவற்றை அளந்துவிடலாம். நீர்மட்டத்தை மட்டும் மறுபடி ஐப்பசியில் ஒருமுறை அளக்க வேண்டும். கிணற்றில் கயிறு இறக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.